பல் மருத்துவக் கருவிகளும் தொற்றுத் தடுப்பும்

மனித உடலில் நுண்ணுயிர்கள் மிகுதியாகக் குடியிருக்கும் இடங்களுள் வாயும் ஒன்று. ஹாலந்து நாட்டினரான லீவன்ஹூக் என்பார் 1683-ஆம் ஆண்டில் தம் பற்களினின்று சுரண்டியெடுத்த வெண்ணிறப் பொருளைத் தாமே அமைத்த உருப்பெருக்கியின் வழியே நோக்கி, அதனுள் ஓடித்திரியும் சிற்றுயிர்களைக் கண்டார். அச்செய்தியை லண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதினார். பின்னர், அமெரிக்கரான மில்லர் என்னும் பல் மருத்துவ அறிஞர் பெர்லின் நகரில் இருந்து ஆராய்ந்து, வாயிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் பற்சிதைவுக்கும் உள்ள தொடர்பை 1890-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். வாயில் வாழும் பாக்டீரியாக்களுள் ஏறத்தாழ 700 வகைகள் இன்று அறியப்பட்டுள்ளன.

இவற்றுட் பெரும்பாலானவை தத்தம் இடத்தில் இருக்கும்வரை தீங்கு செய்வதில்லை. ஆனால் பல் மருத்துவக் கருவி ஒன்று வாயினுள் செல்லும்போது, உமிழ்நீர் மட்டுமன்றி இரத்தமும் அதன்மேற் படிகிறது. பற்காரையைச் சுரண்டும்போது ஈறுகளில் இரத்தம் கசியாமல் இருப்பது அரிது. இரத்தத்தில் கல்லீரல் அழற்சி நோயை உண்டாக்கும் பி, சி வகை வைரஸ்கள் இருக்கலாம், எச்.ஐ.வி. இருக்கலாம். அவை இருப்பதை நோயாளியின் முகத்தைக் கண்டு அறிய இயலாது. நோயாளியே அதனை அறியாதிருத்தலும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 2 கோடியே 98 லட்சம் மக்கள் பி வகை அழற்சியுடனும், 55 லட்சம் மக்கள் சி வகை அழற்சியுடனும் வாழ்ந்து வந்தனர். ஆகவே, 'இவர் நோயாளி, இவர் நோயற்றவர்' எனப் பிரித்து, முன்னவர்க்கு மட்டும் கருவிகளைக் கொதிக்க வைப்பது அறிவியலுக்கு ஒவ்வாது. ஒவ்வொரு வாயும் தொற்றுள்ள வாயே எனக் கொண்டு செயற்படுவதே முறை.

தொற்று பரவும் வழிகள் நான்கு: ஒரு நோயாளியிடமிருந்து மற்றொரு நோயாளிக்கு, நோயாளியிடமிருந்து மருத்துவப் பணியாளர்க்கு, பணியாளரிடமிருந்து நோயாளிக்கு, நீர், மண், காற்று ஆகிய சூழலிலிருந்து நோயாளிக்கு. இந்நான்கனுள் முதலாவதற்கும் நான்காவதற்கும் கருவிகளே பெரும்பாலும் பாலமாக அமைகின்றன.

நிகழ்ந்தவை காட்டும் உண்மை

பல் மருத்துவத்தால் நோய் பரவுவது அரிதே. எனினும், அது கற்பனை அன்று என்பதைச் சில நிகழ்ச்சிகள் காட்டும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரைச் சேர்ந்த ஒரு பல் அறுவை மருத்துவ நிலையத்தை 2013-ஆம் ஆண்டில் அதிகாரிகள் பார்வையிட்டபோது, துருப்பிடித்த கருவிகள் வழக்கில் இருந்ததும், கிருமி நீக்கும் கலம் பல ஆண்டுகளாகச் சோதிக்கப்படாமலே இயங்கி வந்ததும் தெரியவந்தன. அங்குச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 7,000 பேருக்குச் சோதனை செய்துகொள்ளுமாறு அறிவிப்பு அனுப்பப்பட்டது. 4,000-க்கு மேற்பட்டோர் சோதனைக்கு வந்தனர். அங்கே ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குக் கல்லீரல் அழற்சி சி வைரஸ் பரவியது என மரபுக்கூற்றுச் சோதனையால் நிறுவப்பட்டது.

இனி நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் நோய் உண்டாயிற்று. அவர்களுள் 8 பேர் 2023-இல் உயிரிழந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அறிஞர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் அறிஞர்களும் பிறரும் சேர்ந்து செய்த ஆய்வு 2025-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பல் அறுவையிற் பயன்படும் கருவி ஒன்றினால் உப்புநீர்ப் புட்டிகள் திறக்கப்பட்டமையும், திறந்த புட்டி சரிவர மூடப்படாமல் அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்பட்டமையும் அவ்வாய்வினால் வெளிப்பட்டன. பயன்பாட்டில் இருந்த புட்டியின் நீரில் அந்நோயின் பாக்டீரியா காணப்பட்டது.

இந்நோயை முதன்முதலில் விவரித்தவர்கள், அக்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்திருந்த ரங்கூன் நகரில் பணியாற்றிய விட்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இரு மருத்துவர்கள். அவர்களுடைய கட்டுரை 1912-இல் வெளிவந்தது. இந்நோயின் பாக்டீரியா மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே வாழ்வது. காய்ச்சி வடித்த நீரில் 16 ஆண்டுகள் அது உயிரோடிருந்ததாகச் சோதனை ஒன்று காட்டியிருக்கிறது. ஆகவே, ஒருமுறை தவறிப் புட்டிக்குள் புகுந்த கிருமி தானே மடிந்துவிடும் என எதிர்பார்த்தல் வீண்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மருந்து இல்லாமையோ அரிய இயந்திரம் இல்லாமையோ காரணம் அன்று. எளிய ஒழுங்குமுறை ஒன்றில் ஒரு கண்ணி விட்டுப்போனதே காரணம். கிருமி நீக்கம் என்பது ஒரு செயல் அன்று. பல செயல்கள் கோத்த தொடர். கழுவுதல், உலர்த்துதல், பொதிதல், நீராவியில் வைத்தல், சோதித்தல், காத்துவைத்தல், சரியாக எடுத்தல் என்னும் இவற்றுள் ஒன்று தவறினாலும் ஏனையவை பயனற்றுப் போகும்.

சொற்களின் பொருள் வேறுபாடு

துப்புரவு, தொற்று நீக்கம், முழுக் கிருமி நீக்கம் என்னும் மூன்றையும் பலர் ஒன்றாகவே கருதிவிடுகின்றனர். பல பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

துப்புரவாவது, கண்ணுக்குத் தெரியும் இரத்தம், உமிழ்நீர், காரைத் துணுக்கு முதலியவற்றை நீரும் சோப்பும் தூரிகையும் கொண்டு அகற்றுதல். தொற்று நீக்கமாவது, நோய் விளைவிக்கும் கிருமிகளுட் பெரும்பாலானவற்றை அழித்தல்; இதில் ஸ்போர் என்னும் கடினமான உறைக்குள் உறங்கும் பாக்டீரியாக்கள் தப்பிவிடக் கூடும். முழுக் கிருமி நீக்கமாவது, ஸ்போர் உட்பட எல்லா நுண்ணுயிர்களையும் அறவே அழித்தல். வில்வாதத்தை உண்டாக்கும் பாக்டீரியா ஸ்போராக மாறி மண்ணிற் கிடப்பது என்பதை நினைவிற் கொண்டால், இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் விளங்கும்.

எந்தக் கருவிக்கு எது வேண்டும்? அமெரிக்க அறிஞரான ஸ்பால்டிங் 1957-இல் வகுத்த முறையே இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. கருவி எதனாற் செய்யப்பட்டது என்பதை அவர் நோக்கவில்லை. அது உடலில் எதனைத் தொடுகிறது என்பதையே நோக்கினார்.

முதல் வகை, ஈற்றையோ எலும்பையோ ஊடுருவி இரத்தத்தைத் தொடும் கருவிகள். பல் பிடுங்கும் குறடு, நெம்பி, காரை சுரண்டும் கருவி, அறுவைக் கத்தி ஆகியவை இதில் அடங்கும். இவற்றிற்கு முழுக் கிருமி நீக்கம் இன்றியமையாதது. இரண்டாம் வகை, வாயின் உட்தோலைத் தொடுவன; ஆனால் ஊடுருவாதன. வாய்க் கண்ணாடி, அச்செடுக்கும் தட்டு போன்றவை இவ்வகையின. வெப்பத்தைத் தாங்குமாயின் இவற்றையும் முழுக் கிருமி நீக்கத்திற்கே உட்படுத்தல் வேண்டும். மூன்றாம் வகை, நோயாளியின் தோலை மட்டும் தொடுவன: நாற்காலி, இரத்த அழுத்தமானியின் பட்டை முதலியன. இவற்றைத் துடைத்துத் தூய்மை செய்து, தொற்று நீக்கும் கரைசல் பூசுதல் போதும். மருத்துவர் கையுறையுடன் தொடும் விளக்கின் கைப்பிடியும் இவ்வாறே ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னரும் துடைக்கப்படல் வேண்டும்.

முதற் படி கழுவுதலே

உலர்ந்த இரத்தம் கருவியின்மேல் ஒரு மேலாடைபோல் ஒட்டிக்கொள்கிறது. அதனுள் இருக்கும் கிருமிகளை நீராவியும் எளிதில் எட்டுவதில்லை, கரைசலும் எட்டுவதில்லை. பி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ், உலர்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் வரை நோய் விளைவிக்கும் ஆற்றலுடன் இருக்கக் கூடியது. ஆகவே, கழுவாத கருவியைக் கிருமி நீக்கம் செய்ய இயலாது என்பதையே முதல் விதியாகக் கொள்க.

பயன்படுத்திய கருவிகளை உலரவிடாமல் உடனே நீரும் சலவைப்பொருளும் கலந்த தொட்டியில் இட வேண்டும். கழுவுபவர் தடித்த ரப்பர்க் கையுறை, கண்ணாடி, முகமறைப்பு, நீர் புகாத மேலாடை ஆகியவற்றை அணிதல் வேண்டும். மெல்லிய சிகிச்சைக் கையுறை இவ்வேலைக்கு உதவாது; கூரிய முனை அதனைக் கிழித்துவிடும். நீண்ட கைப்பிடியுள்ள தூரிகையால் நீரின் மட்டத்திற்குக் கீழே வைத்துத் தேய்த்தால் துளிகள் தெறிப்பதில்லை. குறடுகளின் மூட்டுகளை விரித்தே தேய்க்க வேண்டும். கருவியின் வரிவரியான பள்ளங்களிலும் தூரிகை செல்ல வேண்டும். பின்னர் நல்ல நீரில் அலசி, ஒளியிற் பிடித்துப் பார்த்து, நன்கு உலர்த்துதல் வேண்டும். ஈரத்துடன் வைக்கப்படும் கருவி துருப்பிடிக்கும். துருப்பிடித்த மேற்பரப்பு மீண்டும் கிருமிகளுக்கு இருப்பிடமாகும்.

வெப்பம் எவ்வாறு கொல்கிறது?

இட்டிலிப் பானையின் மூடியைத் திறந்தவுடன் எழும் ஆவி கையைச் சுட்டுவிடுவதை அறியாதார் இலர். அதே சூட்டிலுள்ள உலர்ந்த காற்று அவ்வளவு விரைவிற் சுடுவதில்லை. காரணம் யாது? ஒரு கிராம் நீராவி கருவியின்மேற் பட்டு நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை அங்கேயே விட்டுச் செல்கிறது. அன்றியும், ஈரம் இருக்கும்போது புரதங்கள் குறைந்த சூட்டிலேயே உறைந்துவிடுகின்றன. பாதியளவு நீர் கலந்த முட்டை வெண்கரு 56 பாகை சென்டிகிரேடில் உறைகிறது. அறவே நீர் நீங்கிய வெண்கருவோ 160 பாகைக்கு மேற் சென்றாலன்றி உறைவதில்லை. கிருமியின் உடலும் புரதத்தால் ஆனதே. ஆகவேதான் ஈர வெப்பத்திற்கு 121 பாகை போதுமாயிருக்க, உலர் வெப்பத்திற்கு 160 பாகையும் 2 மணி நேரமும் வேண்டியிருக்கின்றன. ஆசிரியர்கள் உள்ளுறை வெப்பத்தைப் பாடமாகக் கற்பிக்கும்போது இவ்வுதாரணத்தை எடுத்தாளலாம்.

வெறும் கொதிநீர் போதாதா எனப் பலர் வினவுவர். கொதிநீர் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் கொல்லும். ஸ்போர்களை உறுதியாகக் கொல்லாது. மேலும், உயரம் மிக மிகக் கொதிநிலை குறைகிறது. கடல் மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள லேயில் 88 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே, கொதிக்க வைத்தல் தொற்று நீக்கமே. முழுக் கிருமி நீக்கம் ஆகாது.

இக்குறையைப் போக்கியது அழுத்த நீராவிக் கலம். பாஸ்டரின் உடன் உழைத்த சேம்பர்லாண்ட் என்பார் 1879-இல் பாரிஸில் இதனை அமைத்தார். ஆட்டோகிளேவ் என வழங்கும் இக்கலத்தில் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு மிகை அழுத்தம் ஏறும்போது நீராவியின் சூடு 121 பாகையை எட்டுகிறது. பொதியாத கருவிகளுக்கு இச்சூட்டில் 15 முதல் 20 நிமிடமும், பொதிந்தவற்றிற்கு 30 நிமிடமும் வேண்டும். 134 பாகையில் இயங்கும் கலங்கள் இன்னும் குறைந்த நேரத்தில் வேலையை முடிப்பன. ஒவ்வொரு கலத்திற்கும் அதனைச் செய்தவர் குறித்த நேரமே கொள்ளத்தக்கது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நம் கண்முன் அழுத்தமானி 15 பவுண்டைக் காட்டினும், உள்ளே காற்றுத் தங்கியிருந்தால் சூடு 121 பாகையை எட்டாது. காற்று முழுவதும் வெளியேறியிருந்தால் 121 பாகை; பாதியே வெளியேறியிருந்தால் 112 பாகை; சிறிதும் வெளியேறாவிட்டால் 100 பாகைதான். அழுத்தம் வேறு, சூடு வேறு. எனவே, நீராவி தடையின்றி ஒரே சீராக வெளிவரும் வரை காற்றுப்போக்கியைத் திறந்து வைத்து, பின்னரே மூட வேண்டும். பொதிகளை நெருக்கித் திணிக்காமல் இடைவெளிவிட்டு அடுக்குதலும், குவளைகளைக் கவிழ்த்தோ சாய்த்தோ வைத்தலும், குறடுகளை விரித்து வைத்தலும் இக்காரணம் பற்றியே. நேரத்தை எண்ணத் தொடங்குவது அடுப்பை ஏற்றிய கணத்திலிருந்து அன்று. உரிய சூடு எட்டிய கணத்திலிருந்தே ஆகும்.

கலத்திலிருந்து எடுக்கும்போது பொதி ஈரமாயிருப்பின் அதனைக் கிருமி நீங்கியதாகக் கொள்ளலாகாது. ஈரத் துணியும் ஈரக் காகிதமும் வெளியிலுள்ள கிருமிகளை உள்ளே ஈர்த்துக்கொள்ளும். உள்ளேயே உலரவிட்டு எடுத்தல் வேண்டும்.

கரைசல்களின் எல்லை

ஒரு தட்டில் நிறக் கரைசலை ஊற்றி, அதில் கருவியைச் சில நிமிடம் அமிழ்த்தி, எடுத்துத் துடைத்து அடுத்தவர் வாயில் வைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இது ஒருவகை ஆறுதலேயன்றிப் பாதுகாப்பு அன்று. வீட்டில் பயன்படும் கிருமிநாசினிக் கரைசல்கள் கல்லீரல் அழற்சி வைரஸ்களுக்கும் ஸ்போர்களுக்கும் எதிராக நம்பத்தக்கன அல்ல. 70 விழுக்காட்டுச் சாராயம் ஸ்போரைக் கொல்லாததோடு, கழுவாத கருவியின்மேல் இரத்தப் புரதத்தை உறையச் செய்து ஒட்டவைத்துவிடும். கருவியைச் சாராயச் சுடரிற் காட்டி எடுத்தலும் ஒழிக்கத்தக்க பழக்கமே. முனை காய்ந்து, அடி குளிர்ந்தே இருக்கும்.

2 விழுக்காட்டுக் குளூட்டரால்டிஹைடு கரைசல் ஆற்றல் மிக்கது. எனினும், அது ஸ்போர்களைக் கொல்ல 10 மணி நேரம் வேண்டும்; 20 நிமிடத்தில் உயர்நிலைத் தொற்று நீக்கம் மட்டுமே கிட்டும். அதன் ஆவி கண்ணையும் மூச்சுக் குழலையும் உறுத்துவது. கருவியைப் பொதிந்து வைக்க இயலாது. கிருமி நீங்கியதா எனச் சோதித்தறியவும் வழி இல்லை. ஆதலின், வெப்பம் தாங்காத சிலவற்றிற்கே இது உரியது. ஃபார்மலின் மாத்திரையிட்ட பெட்டிகள் நம்பத்தக்கன அல்ல. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் ஒன்றெனவும் கண்டறியப்பட்டுள்ளது.

1 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட்டுக் கரைசல் சிந்திய இரத்தத்திற்கும் மேசைப் பரப்பிற்கும் நன்கு பயன்படும். அதனை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். எஃகுக் கருவிகளை அது அரித்துவிடும் என்பதை மறத்தலாகாது.

துரப்பணமும் நீர்க்குழாயும்

காற்றின் விசையாற் சுழலும் துரப்பணம் 1957-ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்தது. நிமிடத்திற்கு 3 லட்சம் முறைக்கு மேற் சுழலும் அது நிற்கும் கணத்தில், முனையிலுள்ள உமிழ்நீரும் இரத்தமும் உள்ளே உறிஞ்சப்படுவது உண்டு. ஆகவே, அதன் வெளிப்புறத்தைத் துடைத்தால் போதாது; ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் கழற்றி, துப்புரவு செய்து, எண்ணெயிட்டு, நீராவிக் கலத்தில் வைத்தல் வேண்டும்.

அதனுடன் இணைந்த மெல்லிய நீர்க்குழாய்களின் உட்சுவரில் நுண்ணுயிர்கள் படலமாகப் படிகின்றன. 2011-ஆம் ஆண்டில் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் பல் மருத்துவ நிலையத்து நீரிலிருந்து பெற்ற லீஜியனெல்லாத் தொற்றினால் உயிரிழந்தார். ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் குழாயிலிருந்து 20 முதல் 30 நொடி வரை நீரை வீணே ஓடவிடுதல் நன்று. ஆயினும் அது மட்டும் படலத்தை நீக்காது. குழாய்களை உரிய மருந்துகொண்டு காலந்தவறாமல் துப்புரவு செய்தலும் வேண்டும். பல் பிடுங்குதல் முதலிய அறுவைகளுக்கு இந்நீரைப் பயன்படுத்தலாகாது. கிருமி நீக்கிய உப்புநீரே வேண்டும். அப்புட்டி ஒருவருக்கே உரியது. எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். எஞ்சியதைச் சேமித்து வைப்பதால் மிச்சமாகும் தொகை மிகச் சிறிது. அதனால் வரக்கூடிய விலை எத்தகையது என்பதை வாணியம்பாடி நிகழ்ச்சி காட்டிற்று.

நம்பிக்கை போதாது, சான்று வேண்டும்

கருவியின் பளபளப்பு அதன் தூய்மைக்குச் சான்று அன்று. கலம் சரியாக இயங்குகிறதா என்பதை மூவகையாற் சோதிக்கலாம். அழுத்தம், சூடு, நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டிற் பதிதல் முதலாவது. சூட்டினால் நிறம் மாறும் நாடாவையோ பட்டையையோ பொதியுடன் வைத்தல் இரண்டாவது. நிறம் மாறிய நாடா, பொதி கலத்தினுள் சென்று வந்தது என்பதை மட்டுமே கூறும்; கிருமிகள் மடிந்தன எனக் கூறாது. மூன்றாவதே முடிவான சோதனை. வெப்பத்தை மிகவும் தாங்கவல்ல ஒருவகைப் பாக்டீரியாவின் தீங்கற்ற ஸ்போர்கள் அடங்கிய குப்பியைக் கருவிகளின் நடுவே வைத்து எடுத்து, பின்னர் வளர்ப்புச் சூட்டில் வைத்துப் பார்த்தல். அவை முளைக்காவிடின் கலம் தன் கடமையைச் செய்தது என அறியலாம். வாரம் ஒருமுறை இச்சோதனை செய்தல் வேண்டும். டல்சா நகரில் விட்டுப்போனது இச்சோதனையே.

பள்ளி முகாமின் கணக்கு

பள்ளிகளிலும் சிற்றூர்களிலும் நடைபெறும் பல் மருத்துவ முகாம்கள் பெரும்பயன் தருவன. ஆயினும், தொற்றுத் தடுப்பு நெகிழ்ந்துவிடும் ஆபத்து அங்கேதான் மிகுதி. மின்சாரம் தடைப்படலாம், நீர் குறையலாம், வரிசையிலோ பிள்ளைகள் காத்து நிற்பர். அத்தகைய நேரத்தில் 'இந்த ஒருமுறை கரைசலில் நனைத்து எடுத்தால் என்ன?' என்னும் எண்ணம் எழுகிறது. இவ்வெண்ணம் எழாதபடி முன்னரே கணக்கிட்டுக் கொள்வதே அமைப்பாளரின் முதற் கடமை.

ஒரு பிள்ளையை வாய்க் கண்ணாடியும் ஆய்வூசியும் கொண்டு ஆராய 5 நிமிடம் எனக் கொள்வோம். கழுவுவதற்கு 20 நிமிடமும், சூடேற்றி, காத்து, உலர்த்தி எடுக்க 70 நிமிடமும் ஆக, ஒரு சுற்றுக்கு 90 நிமிடம் ஆகும். கையில் 10 தொகுதிக் கருவிகளே இருந்தால், முதல் 10 பிள்ளைகள் 50 நிமிடத்தில் முடிந்துவிடுவர். அடுத்த 10 பேரைத் தொடங்குவது 140-ஆம் நிமிடத்திலேயே இயலும். நான்கு மணி நேரத்தில் 20 பிள்ளைகளே பார்க்கப்படுவர். 30 தொகுதிகள் இருந்து, அவற்றை 15, 15 ஆகப் பிரித்து மாற்றி மாற்றிக் கிருமி நீக்கினால், அதே நான்கு மணி நேரத்தில் 45 பிள்ளைகளைப் பார்க்கலாம். இடையே 15 நிமிடம் மட்டும் காத்திருத்தல் நேரும்.

ஆகவே, ஒரு முகாமில் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது மருத்துவரின் கைவேகம் அன்று; அழைப்பிதழில் அச்சிட்ட எண்ணும் அன்று; கிருமி நீக்கிய தொகுதிகளின் எண்ணிக்கையே. 10 தொகுதிகளை வைத்துக்கொண்டு ஒரே காலையில் 200 பிள்ளைகளைப் பார்த்ததாக ஓர் அறிக்கை கூறுமாயின், அது பாராட்டுக்குரியது அன்று, வினவுதற்குரியது.

பலரைப் பார்த்தே தீரவேண்டுமாயின் வழி இல்லாமல் இல்லை. சிதைந்த பல், வீங்கிய ஈறு ஆகியவற்றை முதல் நோக்கிற் கண்டறியப் பகல் வெளிச்சமும், கைவிளக்கும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மரத்தகடும் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு தகடு. மேற்கொண்டு ஆராய வேண்டியவர்களை மட்டும் பிரித்து, கிருமி நீக்கிய கருவிகளை அவர்களுக்கே பயன்படுத்தலாம்.

மின்சாரம் இல்லாத இடங்களிற் பல்லின் சிதைந்த பகுதியைக் கைக்கருவிகளாலேயே அகற்றி அடைக்கும் முறை ஒன்று, 1980-களின் நடுவில் ஆப்பிரிக்காவின் டான்சானியா நாட்டில் உருவாயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் இதனைப் பரப்பியது. இதற்கான கருவிகளை அழுத்தச் சமையற்கலத்திலேயே கிருமி நீக்கலாம் என்பது இம்முறையின் சிறப்புகளுள் ஒன்று. வீட்டுக் குக்கரும் ஆட்டோகிளேவும் ஒரே தத்துவத்தில் இயங்குவனவே. கருவிகள் நீரில் மூழ்காதவாறு தட்டின்மேல் வைத்து, ஆவி நன்கு வெளியேறிய பின்னரே எடையை இட்டு, முழு அழுத்தம் வந்தபின் நேரத்தை எண்ண வேண்டும். ஆனால் அதில் சூட்டையும் அழுத்தத்தையும் அளந்தறியும் வசதி இல்லை. பொதிகள் உலர்வதும் இல்லை. ஆதலின், ஆட்டோகிளேவ் கிட்டாத இடத்திற்கே அது மாற்று என்பதை நினைவிற் கொள்க. அதிலிருந்து எடுத்த கருவிகளை நெடுநேரம் வைத்திராமல் பயன்படுத்திவிட வேண்டும்.

பணியாளரின் பாதுகாப்பு

கழுவுபவரும் உதவியாளருமே கூரிய முனைகளால் அடிக்கடி குத்துப்படுவோர். தடுப்பூசி பெறாத ஒருவர், பி வகை அழற்சியுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசியாற் குத்துப்பட்டால், நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை உண்டு. இதனைத் தடுக்கவல்ல தடுப்பூசி கிட்டுகிறது. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று முறை போட்டுக்கொள்ளுதல் வேண்டும். மருத்துவர் போட்டுக்கொண்டு, கருவி கழுவும் ஊழியரை விட்டுவிடுதல் முறையன்று. பயன்படுத்திய ஊசிக்கு இரு கைகளாலும் மூடி இடலாகாது. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி, கூரிய கழிவுகளைத் துளைபடாத வெண்ணிறக் கலத்திலும், இரத்தம் தோய்ந்த பஞ்சை மஞ்சள் நிறப் பையிலும் இடுதல் வேண்டும். பள்ளியில் முகாம் முடிந்தபின் ஊசியோ பஞ்சோ வளாகத்தில் எஞ்சாமல் எடுத்துச் செல்லப்பட்டதா என்பதை ஆசிரியர் உறுதி செய்துகொள்ளுதல் நலம்.

முகாமிற்கு முன் கேட்கத்தக்க வினாக்கள்

களப்பணியாளரும் ஆசிரியரும் மருத்துவர் அல்லர். ஆயினும் வினவும் உரிமை அவர்களுக்கு உண்டு. பின்வரும் ஐந்து வினாக்கள் போதும். எத்தனை தொகுதிக் கருவிகள் வருகின்றன? அவற்றைக் கழுவுதற்கு நீரும் தனி இடமும் தனி ஆளும் உள்ளனவா? எங்கே, எந்தக் கலத்திற் கிருமி நீக்கப்படுகின்றன. அக்கலத்தின் ஸ்போர்ச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது? கையுறைகளும் உப்புநீர்ப் புட்டிகளும் ஒருவருக்கு ஒன்று என்னும் அளவில் உள்ளனவா? கழிவை எடுத்துச் செல்பவர் யார்?

இவ்வினாக்களை நல்ல மருத்துவர் எவரும் தவறாகக் கொள்ளார். தம் பணியைப் பகிர்ந்துகொள்ளும் துணையாகவே கருதுவர். விடைகள் நிறைவளிக்காவிடின், முகாமை ஒரு வாரம் தள்ளிவைப்பதால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. பற்சிதைவு ஒரு வாரம் பொறுக்கும். பிறிதொருவரின் இரத்தத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு வந்த தொற்றையோ பின்னர் எளிதில் மீட்டெடுக்க இயலாது.